ஸ்க்ராட்ச் டெஸ்ட் எண் ஏறுகிறது, ஹாப் விளிம்பில் கோட்டிங் உரிகிறது: எதை நம்புவது?

சாணைக்கல்

வணக்கம் நண்பர்களே. கியர் ஹாப்களை, அதாவது கியரில் பல் வெட்டும் கருவிகளை, சாணை பிடித்து, மறுபடி டைட்டானியம் நைட்ரைடு கோட்டிங் போட்டுக் கொடுப்பது எங்கள் வேலை. கோட்டிங் மட்டும் வெளியே ஒரு ஜாப் ஷாப்பில், ஆர்க் பிவிடி (வெற்றிடத்தில் மின்வில்லால் உலோகத்தை ஆவியாக்கிப் படிய வைக்கும் முறை). ஹாப் எல்லாம் எம்2 எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்), கடினம் 63-64 எச்ஆர்சி (ராக்வெல் சி).

முன்பு 3 மைக்ரான் போட்டுக்கொண்டிருந்தோம். ஆயுள் கூட வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டதால் 6 மைக்ரானுக்குப் போனோம். ஹாப்களோடு சேர்த்துக் கோட் செய்யும் சோதனைத் துண்டின் (டெஸ்ட் கூப்பன்) ஸ்க்ராட்ச் டெஸ்ட் ரிப்போர்ட்டில் எல்சி2, அதாவது கீறும்போது கோட்டிங் பெயரும் லோடு, முன்பு 50 நியூட்டனை ஒட்டி இருந்தது. இப்போது 70-ஐத் தொடுகிறது. "ஒட்டுதல் முன்பைவிட நன்றாக இருக்கிறது" என்கிறார்கள். ஆனால் ஹாப்பின் பல் விளிம்பில் கோட்டிங் செதில் செதிலாகப் பெயர்கிறது. சிலவற்றில் மெஷினில் ஏற்றும் முன்பே, பெட்டியைத் திறக்கும்போதே, விளிம்பு வெளுத்துக் கிடக்கிறது. ஒட்டுதல் கூடியிருந்தால் இது எப்படி நடக்கும்?

மஞ்சள்முலாம்

செல்லோடேப் ஒட்டி இழுத்துப் பார்த்தீர்களா? எங்கள் பெயின்ட் ஷாப்பில் அதுதான் வழக்கம்.

உரசல்மானி

மஞ்சள்முலாம், டேப் டெஸ்ட் பெயின்ட்டுக்குச் சரி. டேப்பின் பசை இழுக்கிற பலம்தான் அந்தச் சோதனையின் உச்சவரம்பு. சுமாரான பிவிடி கோட்டிங்கூட அதில் தேறிவிடும், அதனால் நல்லதையும் கெட்டதையும் பிரிக்காது. டாலி என்ற சின்ன உலோகக் கட்டையைப் பசை போட்டு ஒட்டி நேராகப் பிடுங்கும் புல்-ஆஃப் முறையிலும் இதே கதைதான். எபாக்சி 70 மெகாபாஸ்கல் அளவில் தானே விட்டுவிடும்.

சாணைக்கல் சார், எல்சி2 ஒட்டுதலை நேராக அளக்கும் எண் அல்ல. ராக்வெல் சி வைரம், 120 பாகைக் கூம்பு, நுனி ஆரம் 200 மைக்ரான். அதைக் கோட்டிங் மேல் நிமிடத்துக்கு 10 மி.மீ. வேகத்தில் இழுத்துக்கொண்டே, நிமிடத்துக்கு 100 நியூட்டன் வீதம் லோடை ஏற்றுகிறோம். முதல் விரிசல் தெரியும் லோடு எல்சி1, தடத்தின் ஓரத்தில் முதல் செதில் பெயரும் லோடு எல்சி2, தடம் முழுக்க ஸ்டீல் தெரிந்துவிட்டால் எல்சி3. இந்த எண்ணிடல் லேப்புக்கு லேப் மாறும், அதனால் ரிப்போர்ட்டில் எது எதைக் குறிக்கிறது என்று முதலில் கேட்டு வாங்குங்கள். ஐஎஸ்ஓ 20502, ஏஎஸ்டிஎம் சி1624 இரண்டும் இந்த முறைக்கான தரநிலைகள்தான்.

அந்த லோடைத் தீர்மானிப்பதில் ஒட்டுதலுக்கு ஒரு பங்கு உண்டு, அவ்வளவுதான். அடிப்பொருளின் கடினம், கோட்டிங் தடிமன், உராய்வு, நுனியின் தேய்மானம், இழுக்கும் வேகம், லோடு ஏறும் வேகம் எல்லாம் சேர்ந்துதான் அந்த எண் வருகிறது. எச்எஸ்எஸ் மேல் போட்ட அதே கோட்டிங்கை மென்மையான ஸ்டீல் மேல் போட்டால் எல்சி விழுந்துவிடும், ஏனென்றால் அடியில் இருப்பது அமுங்கி, மேலே இருப்பது வளைந்து உடைகிறது. தடிமன் கூடினால் பொதுவாக எல்சி ஏறும். சேற்றின் மேல் போட்ட பலகை தடிமனாக இருந்தால் மிதிக்கிற பாரம் பரவிப் போகிறது இல்லையா, அந்த மாதிரிதான் இதுவும். உங்கள் 50 எழுபதானதில் பெரும்பங்கு தடிமனுடையது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். 3 மைக்ரான் கூப்பனையும் 6 மைக்ரான் கூப்பனையும் எல்சி2 வைத்து ஒப்பிடவே கூடாது.

தடத்தின் போட்டோ இருக்கிறதா? எண்ணைவிட அதைப் பார்த்தால் நிறையப் புரியும்.

சாணைக்கல்

ரிப்போர்ட்டில் ஒரு கிராஃபும் எண்ணும் மட்டும்தான். போட்டோ கேட்டிருக்கிறேன். கிராஃபில் லோடும் சத்தமும் இருக்கிறது.

உரசல்மானி

சத்தம் என்றால் அக்கூஸ்டிக் எமிஷன். அதை மட்டும் வைத்து எல்சி2 குறிப்பது பல இடங்களில் பழக்கமாகிவிட்டது, எனக்கு அதில் உடன்பாடே இல்லை. கோட்டிங்குக்குள்ளேயே விரிசல் விட்டாலும் சென்சார் கேட்கும். அடியோடு பெயர்ந்தாலும் கேட்கும். எது நடந்தது என்று மைக்ராஸ்கோப்தான் சொல்லும்.

டைட்டானியம் நைட்ரைடில் பார்ப்பது சுலபம், நிறமே காட்டிக் கொடுத்துவிடும். தடத்தின் தொடக்கத்தில் பொன்னிறம் மழுங்கி, பள்ளத்துக்குள் வில் வில்லாக மெல்லிய கோடுகள் வரும். வைரத்துக்குப் பின்னால் கோட்டிங் இழுபட்டு விட்ட விரிசல்கள் அவை, அங்கே எதுவும் பெயர்ந்திருக்காது. இன்னும் கொஞ்சம் தள்ளி, பள்ளத்தின் இரு கரையிலும் பிறை வடிவில் சின்னச் சின்ன வெள்ளித் துண்டுகள் தெரியும். அங்கேதான் கோட்டிங் வைரத்துக்கு முன்னால் புடைத்துப் பெயர்ந்து, ஸ்டீல் வெளிவந்திருக்கிறது. முதலாவது கோட்டிங்கின் உடையும் தன்மை, இரண்டாவது ஒட்டுதல். இரண்டையும் ஒரே எண்ணில் போட்டால் பிரிக்க வழியில்லை.

வெற்றிடன்

நான் கோட்டிங் ஷாப் பக்கத்து ஆள், சேம்பர்தான் என் பொழுது. உரசல்மானி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பெட்டியைத் திறக்கும்போதே உரிந்திருக்கிறது என்றால், அங்கே வெளி லோடு எதுவுமே இல்லை. கோட்டிங் தனக்குள்ளே இருக்கிற ஸ்ட்ரெஸ்ஸால் தானே கழன்றிருக்கிறது.

ஆர்க்கில் பயாஸ் (ஹாப்புக்குக் கொடுக்கும் எதிர்மின்னழுத்தம்) கொடுத்து அயனிகளை அடித்து அடித்துப் படிய வைப்பதால், படலம் விரியப் பார்க்கும், ஸ்டீல் விடாது. அதனால் படலத்தில் அமுக்க ஸ்ட்ரெஸ் 2, 3 ஜிகாபாஸ்கல் என்பது சாதாரணம். 450 டிகிரியிலிருந்து குளிரும்போது ஸ்டீல் அதிகம் சுருங்குவதால் இன்னொரு 0.6, 0.7 ஜிகாபாஸ்கல் சேரும். இந்த அமுக்கம் ஓரளவுக்கு நல்லதுதான், விரிசலைத் திறக்க விடாது.

ஆனால் படலத்தில் அடைபட்டிருக்கிற ஆற்றலைக் கணக்குப் போடுங்கள். உரியும்போது ஒரு சதுர மீட்டருக்கு விடுபடும் ஆற்றல், ஸ்ட்ரெஸ்ஸின் வர்க்கத்தைத் தடிமனால் பெருக்கி, யங் குணகத்தின் (பொருளின் விறைப்பு அளவு) இரண்டு மடங்கால் வகுத்தால் கிட்டத்தட்ட வந்துவிடும். 3 ஜிகாபாஸ்கல், 3 மைக்ரான், குணகம் 450 ஜிகாபாஸ்கல் என்று வைத்தால் சுமார் 30 ஜூல். அதே ஸ்ட்ரெஸ்ஸில் 6 மைக்ரான் என்றால் 60 ஜூல். இடைமுகம், அதாவது கோட்டிங்கும் ஸ்டீலும் சேரும் இடம், தாங்குகிற ஆற்றல் இரண்டுக்கும் நடுவில் எங்கேயாவது இருந்தால், 3 மைக்ரான் நிற்கும், 6 மைக்ரான் தானாக உரியும். ஒட்டுதல் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.

ஸ்ட்ரெஸ்ஸை அளக்கப் பெரிய மெஷின் தேவையில்லை. 0.5 மி.மீ. தடிமன், 60 மி.மீ. நீள ஸ்டீல் பட்டையை ஒரு பக்கம் மட்டும் கோட் ஆகிற மாதிரி ஹாப்களோடு உள்ளே விடுங்கள். 3 ஜிகாபாஸ்கல், 3 மைக்ரானுக்கு அது சுமார் 1.4 மீட்டர் ஆரத்துக்கு வளையும், நடுவில் 0.3 மி.மீ. போலப் புடைக்கும். டயல் கேஜ் போதும். கோட்டிங் பக்கம் வெளியே புடைத்தால் அமுக்கம். உள்ளே ஏற்கெனவே டென்ஷன் இல்லாத பட்டையாக எடுங்கள், இல்லாவிட்டால் சூட்டிலேயே அது தன் இஷ்டத்துக்கு வளையும். 1909-ல் ஸ்டோனி நிக்கல் முலாம் பூசிய ஸ்டீல் அளவுகோல் வளைவதைப் பார்த்துப் போட்ட சூத்திரம் இன்றைக்கும் அப்படியே ஓடுகிறது. எலக்ட்ரானுக்குப் பெயர் வைத்த ஜான்ஸ்டன் ஸ்டோனியின் மகன் அவர், பார்சன்ஸோடு நீராவி டர்பைனில் வேலை பார்த்தவர்.

பழையகை

நானும் நெடுநாளாக இந்தத் துறையில் இருக்கிறேன். இவ்வளவு சூத்திரம் எதற்கு? ராக்வெல் மெஷினில் 150 கிலோ லோடில் ஒரு குத்து குத்திவிட்டு, 100 மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். குழியைச் சுற்றி ஆரக்கால் விரிசல் மட்டும் இருந்தால் பாஸ். கோட்டிங் வட்டமாகப் பெயர்ந்து ஸ்டீல் தெரிந்தால் ஃபெயில். ஜெர்மனியின் விடிஐ 3198-ல் எச்எஃப்1 முதல் எச்எஃப்6 வரை படமே போட்டிருக்கிறது, 4 வரைக்கும் ஏற்கலாம், 5-ம் 6-ம் கூடாது. ரெண்டு நிமிட வேலை.

உரசல்மானி

நல்ல சோதனை, அண்ணா, மறுக்கவில்லை. ஐஎஸ்ஓ 26443-ம் அதைத்தான் சொல்கிறது. எச்எஸ்எஸ் மாதிரி கடினமான அடிப்பொருளில் நன்றாகப் பேசும். சுத்தம் செய்வதில் பெரிய தவறு நடந்திருந்தால் அந்த ஒரு குத்திலேயே தெரிந்துவிடும், தினமும் ஒவ்வொரு சார்ஜுக்கும் (சேம்பரில் ஒரு தடவை ஏற்றும் லாட்) செய்ய இதைவிட வசதியானது இல்லை. ஆனால் எச்எஃப்1-க்கும் எச்எஃப்2-க்கும் நடுவில் ஜூல் கணக்கு கிடைக்காது. அதோடு, குத்துவது தட்டையான இடத்தில். இவருக்கு உரிவது விளிம்பில்.

சாணைக்கல்

ஆமாம், அதுதான் எனக்குப் புரியவில்லை. பல்லின் பக்கவாட்டில் கோட்டிங் அழகாக நிற்கிறது. ஹப் முகத்தில், அதாவது ஹாப்பின் பல்லில்லாத ஓரத் தட்டை முகத்தில், ராக்வெல் போட்டுப் பார்த்தேன், எச்எஃப்2 என்று சொல்லலாம். நுனி விளிம்பில் மட்டும் ஏன்?

வெற்றிடன்

விளிம்பில் கோட்டிங் வளைந்து போகிறது சார். அமுக்கத்தில் இருக்கும் படலம் கூரான வளைவைச் சுற்றிப் போனால், அந்த அமுக்கமே அதை வெளியே தள்ளும். இடைமுகத்தில் செங்குத்தாக இழுக்கிற ஸ்ட்ரெஸ், மேலோட்டமாகச் சொன்னால், படல ஸ்ட்ரெஸ்ஸைத் தடிமனால் பெருக்கி விளிம்பு ஆரத்தால் வகுத்த அளவு. 3 ஜிகாபாஸ்கல், 3 மைக்ரான், ஆரம் 30 மைக்ரான் என்றால் 0.3 ஜிகாபாஸ்கல். அதையே 6 மைக்ரானாக்கி, சாணையிலிருந்து வந்த 10 மைக்ரான் விளிம்பில் வைத்தால் 1.8. ஆறு மடங்கு! இவ்வளவு கூரான இடத்தில் அந்தக் கணக்கு துல்லியமாக இருக்காது, ஆனால் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிகிறது அல்லவா. இதோடு, கூரான முனையில் மின்புலம் குவிவதால் அயனி அடியும் அங்கே அதிகம். படலம் அங்கே தடிமனாகவும் இறுக்கமாகவும் வளரும். கூப்பனுக்கு விளிம்பே கிடையாது. பாலிஷ் போட்ட தட்டை வட்டு எப்படி இந்தக் குறையைக் காட்டும்?

சாணை பிடித்த பிறகு விளிம்பை ஹோன் செய்கிறீர்களா, அதாவது நுண்கல்லால் லேசாகத் தேய்க்கிறீர்களா? பர் (சாணையில் ஓரத்தில் நிற்கும் உலோகப் பிசிறு) எடுக்கிறீர்களா? பர் மேல் படிந்த கோட்டிங், பர் முறியும்போது கூடவே போகும்.

இன்னொன்று. ஹாப்பில் நீங்கள் சாணை பிடிப்பது வெட்டும் முகத்தை மட்டும்தானே. பக்கவாட்டில் பழைய கோட்டிங் அப்படியே இருக்கும். அதை உரித்துவிட்டுப் போடுகிறார்களா, மேலேயே போடுகிறார்களா?

எம்டெக்மாணவி

இழையைக் கொஞ்சம் திருப்புகிறேன், மன்னிக்கவும். என் புராஜெக்ட்டில் 3 மைக்ரான் படலத்தின் ஃபிராக்சர் டஃப்னஸ் (விரிசலைத் தாங்கும் திறன்) அளக்கச் சொல்லியிருக்கிறார்கள். விக்கர்ஸ் பிரமிடு வைரத்தால் குத்தி, மூலை விரிசல் நீளத்தை அளந்து சூத்திரத்தில் போட்டால் போதும் என்று ஒரு சீனியர் சொன்னார். சரியா சார்?

உரசல்மானி

இங்கேயே கேளுங்கள் அம்மா, இதே விஷயம்தான். அந்தச் சூத்திரம் கனமான பீங்கான் கட்டிக்கு எழுதப்பட்டது. லோடை விரிசல் நீளத்தின் ஒன்றரை அடுக்கால் வகுப்பது. 1980, 81-ல் லான், எவன்ஸ், மார்ஷல், ஆன்ஸ்டிஸ் ஆகியோர் வகுத்தது. அதில் விரிசல் அரை வட்டமாக உள்ளே இறங்கும் என்ற அனுமானம் இருக்கிறது. உங்கள் படலம் 3 மைக்ரான். விரிசல் கண்ணுக்குத் தெரியும் நீளத்துக்கு வரும்போது படலத்தைத் தாண்டி ஸ்டீலில் நிற்கும். ஸ்டீல் அமுங்கும், கணக்கு கெடும். போதாக்குறைக்கு வெற்றிடன் சொன்ன அமுக்க ஸ்ட்ரெஸ் விரிசலை மூடிப் பிடிக்கும், விரிசல் குட்டையாக வரும், டஃப்னஸ் இல்லாத உயரத்துக்குப் போகும். வளைவை அளந்து ஸ்ட்ரெஸ்ஸைக் கழிக்காமல் அந்த எண்ணை வெளியிடாதீர்கள்.

வழி இருக்கிறது. ஃபோகஸ்டு அயான் பீமால் படலத்தில் ஒரு குட்டித் தூணைச் செதுக்குவது, உயரமும் விட்டமும் ஏறக்குறைய சமமாக. சுற்றிலும் வெட்டிவிட்டதால் தூணின் மேல்பகுதியில் ஸ்ட்ரெஸ் தளர்ந்துவிடும், அதுதான் இதன் அழகு. பிறகு பெர்கோவிச் என்ற மூன்று பக்க வைர முனையால் நடுவில் அழுத்தினால், ஒரு லோடில் தூண் திடீரென மூன்றாகப் பிளக்கும். வளைகோட்டில் பெரிய தாவல் தெரியும். அந்த லோடை ஆரத்தின் ஒன்றரை அடுக்கால் வகுத்து, பொருளுக்கான குணகத்தால் பெருக்கினால் டஃப்னஸ். விரிசல் நீளம் அளக்கவே வேண்டாம். செபாஸ்டியானி குழுவினர் 2015 வாக்கில் இதை வழிப்படுத்தினார்கள். முனை தூணின் நடுவில் இறங்கியதா என்று ஒவ்வொன்றிலும் பாருங்கள். ஓரமாக இறங்கியதை ஒதுக்கிவிடுங்கள். காலியம் அயனி மேல்தோலைக் கெடுக்கும் என்பதால் கடைசிச் செதுக்கலைக் குறைந்த கரன்டில் செய்யச் சொல்லுங்கள்.

எம்டெக்மாணவி

ரொம்ப நன்றி சார். ஒட்டுதல் ஆற்றலை ஜூலிலேயே நேராக அளக்க முடியாதா? நாலு புள்ளி வளைவுச் சோதனை பற்றிப் படித்தேன்.

உரசல்மானி

முடியும். சிப் தயாரிப்பில் அதுதான் வழக்கம். இரண்டு சிலிக்கன் துண்டுகளுக்கு நடுவில் படலத்தை எபாக்சியால் ஒட்டி, மேல் துண்டில் ஒரு காடி வெட்டி, நாலு புள்ளியில் வளைப்பார்கள். விரிசல் காடியிலிருந்து இறங்கி, இடைமுகத்தை அடைந்ததும் பக்கவாட்டில் திரும்பி ஓடும். அப்போது லோடு ஏறாமல் ஒரே மட்டத்தில் நிற்கும். அந்த மட்ட லோடின் வர்க்கத்திலிருந்து நேராக ஆற்றல் கிடைத்துவிடும். இங்கேயும் விரிசல் நீளம் வேண்டாம். 1989-ல் சாரலம்பிடீஸும் கூட்டாளிகளும் போட்ட கணக்கு.

ஆனால் அங்கே அளக்கிற மென்மையான மின்காப்புப் படலங்கள் சில ஜூலிலேயே பிரிந்துவிடும். ஸ்டீல் மேல் டைட்டானியம் நைட்ரைடு பல பத்து ஜூல் தாங்கினால், எபாக்சி முதலில் கிழியும், ஸ்டீலும் நிரந்தரமாக வளைந்துவிடும். சிலிக்கன் மேல் போட்டு அளக்கலாம். அது சிலிக்கன் இடைமுகத்தின் எண், ஹாப்புக்குப் பொருந்தாது. இன்னொன்றையும் கவனியுங்கள். இடைமுக ஆற்றல் ஒரே எண் கிடையாது. விரிசல் பிளந்து போகும்போது குறைவாகவும், வழுக்கிப் போகும் பங்கு கூடக் கூட அதிகமாகவும் வரும். 1992-ல் ஹட்சின்சன், ஸுவோ இருவரும் எழுதிய நீண்ட கட்டுரை இதற்கு அடித்தளம், அவசியம் படியுங்கள்.

பழையகை

சாணைக்கல், வெற்றிடன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவில்லையே. பழைய கோட்டிங் விஷயம்தான் எனக்கும் உறுத்துகிறது. பக்கவாட்டில் கேலோடெஸ்ட் போட்டு, அதாவது சுழலும் பந்தால் குழி குடைந்து, கோட்டிங் அடுக்கைப் பாருங்கள்.

சாணைக்கல்

தாமதமாக வருகிறேன். பெயர்ந்த ஒரு ஹாப்பைப் பக்கத்துக் கல்லூரி லேபில் கொடுத்துப் பார்த்தோம்.

கேலோடெஸ்ட் பந்து குடைந்த குழியில் ஒரு பொன் வளையம் வரும் என்று எதிர்பார்த்தேன். மூன்று வந்தது. வளையங்களுக்கு நடுவில் முடி போல மெல்லிய, சாம்பல் நிறக் கோடு. அதாவது பழசை உரிக்காமலேயே மேலே மேலே போட்டிருக்கிறார்கள். மொத்தம் 11 மைக்ரானுக்கு மேல்.

விளிம்பில் செதில் போன இடத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், பெரும்பாலான இடத்தில் அடியில் தெரிவது வெள்ளி அல்ல, மங்கிய பொன். வெட்டும் முனைக்கு மிக அருகில் மட்டும் ஸ்டீல். செதிலின் பின்பக்கமும் பொன்னிறமாக, ஆனால் பளபளப்பில்லாமல் இருந்தது.

வெற்றிடன்

அப்படியானால் படம் தெளிவு. பெரும்பாலும் பிரிந்தது ஸ்டீலுக்கும் கோட்டிங்குக்கும் நடுவில் இல்லை, பழைய கோட்டிங்குக்கும் புதுசுக்கும் நடுவில். அந்தச் சாம்பல் கோடு ஆக்சைடாகவோ கட்டிங் ஆயில் கருகிய மிச்சமாகவோ இருக்கலாம். பட்டறையில் ஓடின ஹாப்பின் மேல்தோலை எட்ச்சிங் (அயனி அடித்து அரிப்பது) மட்டும் வைத்து முழுசாகச் சுத்தம் செய்வது கஷ்டம். முனையருகே ஸ்டீலோடு பிரிந்தது, 11 மைக்ரானின் மொத்த ஆற்றலும் கூரான விளிம்பும் சேர்ந்து செய்த வேலை. கூப்பனோ புது ஸ்டீல், ஒரே அடுக்கு, விளிம்பில்லாதது. உரிந்த இடைமுகமே கூப்பனில் கிடையாது.

நான் செய்யச் சொல்வது இதுதான்: ஒவ்வொரு முறையும் பழசை உரித்துவிட்டுப் போடச் சொல்லுங்கள். எச்எஸ்எஸ் மேல் டைட்டானியம் நைட்ரைடை ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசலில் உரிக்கலாம், ஸ்டீலைக் கடிக்காமல் நேரத்தோடு எடுக்க வேண்டும். கார்பைடு டூலை மட்டும் அதே தொட்டியில் போட விடாதீர்கள், அதைப் பிணைக்கிற கோபால்ட் கரைந்து போய்விடும். சாணைக்குப் பிறகு விளிம்பை ஹோன் செய்து லேசாக உருட்டுங்கள். தடிமனை 3, 4 மைக்ரானோடு நிறுத்துங்கள். சாணையில் எரிந்த பல் இருந்தால் அதை அனுப்பவே வேண்டாம், மென்மையான தோல் மேல் எந்தக் கோட்டிங்கும் நிற்காது.

சாணைக்கல்

புரிந்தது, மிக்க நன்றி. உரிக்கும் செலவைப் பேசி வருகிறேன். அப்போ ஸ்க்ராட்ச் டெஸ்ட்டை நிறுத்திவிடலாமா?

உரசல்மானி

வேண்டாம் சார். அடிப்பொருள், தடிமன், வைரம், வேகம் எல்லாம் மாறாமல் வைத்தால் சார்ஜுக்குச் சார்ஜ் ஒப்பிட அதைவிட நல்ல கருவி குறைவு. திடீரென்று எல்சி2 சரிந்தால் சுத்தம் செய்யும் இடத்திலோ எட்ச்சிங்கிலோ ஏதோ மாறியிருக்கிறது. வைர நுனியில் சில்லு போயிருந்தால் எண் மொத்தமும் பொய்யாகிவிடும். அதனால் சான்றளித்த மாதிரி ஒன்றை அவ்வப்போது கீறிப் பார்க்கிறார்களா என்று கேளுங்கள். ஐரோப்பாவில் பிசிஆர்-692 என்று டிஎல்சி (வைரம் போன்ற கார்பன்) பூசிய ஸ்டீல் இதற்காகவே வந்தது.

ரிப்போர்ட்டில் தடத்தின் முழு நீள போட்டோ, தடிமன், ராக்வெல் குழியின் போட்டோ, ஸ்ட்ரெஸ் பட்டையின் வளைவு நான்கும் வர வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்.

சாணைக்கல்

கூப்பன் எப்படி இருக்க வேண்டும்? இப்போது அவர்களே கொண்டு வந்து போடுகிறார்கள்.

வெற்றிடன்

நீங்களே கொடுங்கள். தேய்ந்து ஒதுக்கிய ஹாப்பிலிருந்து ஒயர்கட்டில் (மின்பொறிக் கம்பியால் வெட்டும் மெஷின்) பல் வெட்டி எடுத்தால் அதே எம்2, அதே கடினம். உங்கள் சாணைக்கல்லிலேயே ஒரு முகம் பிடித்து, உங்கள் விளிம்போடு விடுங்கள். ஹாப் நிற்கிற அதே உயரத்தில், அதே சுழல் மேசையில் வைக்கச் சொல்லுங்கள். சேம்பரில் மேலும் கீழும் தடிமன் மாறும். முகத்தில் ராக்வெல் குத்துங்கள், விளிம்பை மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். பெட்டியைத் திறந்த உடனே ஒரு தடவை, மறுநாள் ஒரு தடவை. அமுக்கத்தில் இருக்கிற படலம் சில சமயம் ஈரக்காற்று பட்ட பிறகுதான் கழலும்.